கேட் திறக்கவில்லை, ரேச்சலை அழைக்கவும்

எங்கள் அலுவலகத்தில் காபி நன்றாக இருக்கும். ராயபுரத்தில் இரண்டாவது மாடி, கடல் காற்று, ஞாயிறு விடுமுறை. நான் யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அப்படியும் மென்பொருள் எழுத வருகிறவர்கள் ஒரு வருடம் தாண்டுவதில்லை. வேறு கம்பெனிக்குப் போனாலாவது பரவாயில்லை, தொழிலையே விட்டுவிடுகிறார்கள். அப்படிப் போன ரஞ்சித் இப்போது வியாசர்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறான். சவாரி பிடிக்கும் ஆப்பைக்கூடப் போனில் ஏற்றிக்கொள்ள மாட்டானாம். இது எனக்கு வெகுநாள் பிடிபடவில்லை.

முதலில் எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், அழகான வேலை. திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு. டிரெய்லர் வந்து நிற்கும். கம்பத்தின் மேலிருக்கும் கேமரா பெட்டியின் எண்ணைப் படிக்கும். எங்கள் மென்பொருள் அதைச் சரிபார்த்துக் கேட்டைத் திறக்கும். ஓர் எழுத்து பிசகினாலும் திறக்காது. பின்னால் எண்ணூர் சாலை வரை வண்டிகள் நின்றுவிடும்.

முன்பெல்லாம் அப்போது திரையில் வெறும் 'பிழை' என்று வரும். ஓட்டுநர்கள் ஹாரன் அடிப்பார்கள், யாருக்கும் உறைக்காது. குறைக்கு ஒரு முகவரி வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. மென்பொருளை எழுதியவரின் பெயரையும் போன் எண்ணையும் திரையில் வரச் செய்தேன். ரஞ்சித்துக்குப் பிறகு ரேச்சல்.

கெட்டிக்காரப் பெண். ஒருநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது கோதண்டம் என்ற டிரெய்லர் ஓட்டுநர் அழைத்தார். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"இன்னாம்மா ரேச்சலு, கேட்டு தொறக்கல. உன் பேரு தான் போட்டுகினு கீது."

"பாத்துக்கினே கீறேண்ணா, ரெண்டு நிமிஷம்."

"பின்னாடி கீறவனுங்க என்னியத் திட்டுறானுங்க. நீயும் வந்து பாதி வாங்கிக்கோ."

அவள் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

நிரலை முழுவதுமாக மாற்றி எழுதினாள். கேட் ஒழுங்காகத் திறந்தது. எல்லோரும் கை தட்டினோம். சில வாரங்களில் மறுபடி அடைத்துக்கொண்டது. இன்னொரு முறை எழுதினாள். அக்காவின் கல்யாணத்தன்று பூசை நடுவே மாதா கோவில் வாசலுக்கு வந்து போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். போன் அதிர்ந்தால் தோள் தூக்கிப்போட ஆரம்பித்தது.

"சார், நான் எழுதுனதுல தப்பு எங்கன்னு ஒரு தபா காட்டுங்க, போதும்" என்றாள்.

"தேடிக்கிட்டே இரும்மா, உன்னால முடியும்" என்றேன். இதைவிட நல்ல வார்த்தை எனக்குத் தெரியாது.

போன மாதம் விலகினாள். "எனக்கு இந்த வேலை வராது சார், புரிஞ்சிடுச்சு" என்றாள். கேக் வெட்டி அனுப்பினோம். அன்றுதான் எனக்குப் புதிர் விடுபட்டது. வேலை எவ்வளவு கடினமானாலும் மனிதன் தாங்குவான். தான் செய்ததற்கும் நடந்ததற்கும் தொடர்பே இல்லாமல் போனால்தான் உள்ளே ஏதோ கழன்றுவிடுகிறது.

அந்தத் தொடர்பு எப்படி அறுந்தது என்பதும் எனக்குத் தெரியும். கேமரா எடுக்கும் படம் யார்டிலேயே தங்கிவிடும். படித்த எழுத்து மட்டுமே எங்கள் மேசைக்கு வரும். அந்த ஏற்பாடு என்னுடையது. கம்பத்தில் ஏற அனுமதி எனக்கு மட்டும்தான். யாராவது பாடுபட்டுத் திருத்தி முடித்தால், ஊக்கம் குறையக்கூடாதே என்று நானே ஏணி வைத்து ஏறிவிட்டு வருவேன். அடிக்கடி ஏற முடியாது. குறையே இல்லாத கேட்டுக்கு யார்டுக்காரர்கள் எங்களை எதற்கு வைத்துக்கொள்வார்கள்?

ரேச்சலின் நிரலில் ஒரு தப்பும் இல்லை. ரஞ்சித்தின் நிரலிலும் இருந்ததில்லை. திங்கட்கிழமை சினேகா சேருகிறாள், அவள் எண்ணைத் திரையில் ஏற்றியாயிற்று. இந்த அலுவலகத்திலேயே அவர்கள்மேல் உண்மையான அக்கறை உள்ளவன் நான்தான் என்பதால் உங்களிடம் மறைக்கவில்லை.

லென்ஸில் நிலக்கரித் தூசி படிகிறது. ஈரத் துணியால் துடைத்தால் கேட் திறக்கும்.