மாப்ள கீழ இருக்காரு

மீனுக்குக் காது கேட்கும் என்பதில் எங்கள் பக்கத்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அதனால் தண்ணீருக்குள் போய்விட்டால் மீன் என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். பேரைக் கேட்டால் விலகிப் போய்விடுமாம். பெரிய கட்லாவுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் மாப்ள. ‘மாப்ள இருக்காரா?’ என்றால் வலை போடலாமா என்று அர்த்தம். இது தெரியாவிட்டால் நான் சொல்லப்போவது உங்களுக்குப் புரியாது, ஐயா.

என் பெயர் முத்திருளன். பரவையில் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அலங்காநல்லூருக்கு வடக்கே உள்ள அணையில் மீன் குத்தகை எடுத்திருந்த விருமாண்டி, எண்பத்திரண்டில், ராமேஸ்வரத்துப் பழைய விசைப்படகு ஒன்றிலிருந்து கழற்றிய மீன் தேடும் கருவியை வாங்கி வந்தார். ஓடாமல் கிடந்ததை நான் ஓட வைத்தேன். அதைப் பார்த்துச் சொல்ல வேறு ஆள் இல்லாததால் படகிலும் நானே உட்கார வேண்டியதாயிற்று.

கருவி எளிமையானதுதான். டிரான்ஸ்டியூசர் என்கிற உருளை படகின் ஓரமாகத் தண்ணீருக்குள் தொங்கும். அவர்கள் அதைக் ‘காது’ என்றார்கள். அது அடியை நோக்கிச் சத்தம் அனுப்பி, திரும்பி வருவதைக் கேட்கும். மேலே பெட்டிக்குள் ஓர் ஊசி, நகரும் காகிதத்தைச் சுட்டுக்கொண்டே போகும். தரை அடர்ந்த கறுப்பாகத் தெரியும். மீன், நடுவில் ஒரு கறையாக. சதையைவிடக் காற்றுதான் சத்தத்தை நன்றாகத் திருப்பும். மீனின் வயிற்றில் காற்றுப்பை இருக்கிறது.

படகில் என்னோடு வருபவர் சுருளி. என் தங்கை பாண்டியம்மாளின் கணவர். ஒருமுறை குடித்துவிட்டு அவள் மணிக்கட்டை முறித்தார். அவள் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். மற்றதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் உண்மையாகவே குடியை நிறுத்தினார். என் கடை வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் மன்னித்தாள். நான் தடுக்கவில்லை. கொஞ்சம் பொறு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் இருந்தவரை கடையடைத்து வந்தால் சோறு சூடாக இருக்கும், சட்டைகள் மடித்திருக்கும். இது காரணமல்ல. நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன்.

நான் சொல்ல வந்த அந்த நாளில், வேலை முடிந்ததும் அவரோடு போவதற்குத் துணி மூட்டையுடன் வந்து அணைக்கரையில் உட்கார்ந்திருந்தாள்.

வலை, அடியில் மூழ்கிக் கிடந்த புளியமரம் ஒன்றில் மாட்டிக்கொண்டது. மறுமுனையைப் பிடித்தபடி விருமாண்டியும் அவரிடம் வேலை பார்க்கும் மருதுவும் தூரத்தில் பரிசலில் இருந்தார்கள். சுருளி சட்டையைக் கழற்றினார்.

“மச்சான், ஒங்க பொட்டி என்னையக் காட்டுமா?”

“காட்டும் மாப்ள. உள்ள காத்து இருக்குற எதையும் காட்டும்.”

“நல்லவேளை, சரக்கு இருந்தாக் காட்டாது” என்று சிரித்தார். “அவகிட்டச் சொல்லிப்புடாதீங்க. நெசமுன்னு மூட்டையத் தூக்கிட்டுத் திரும்ப ஒங்க வீட்டுக்கே வந்துருவா.”

மீன் கலையாதபடி, படகுக்கு மறுபக்கமாகச் சத்தமில்லாமல் இறங்கினார். பரிசலில் இருந்தவர்களுக்கோ கரையில் இருந்த அவளுக்கோ அது தெரியவில்லை.

காகிதத்தில் கறை ஒன்று விழுந்தது. சரிந்து சரிந்து மரத்தருகே போய் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது. வலையில் சிக்கிய கட்லாவும் இப்படித்தான் ஆடும். என் காலடியில் அரிவாள் இருந்தது. எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்.

அப்போது மருது கூப்பிட்டான். “அண்ணே, பொட்டியில ஏதும் தெரியுதா?”

“மாப்ள கீழ இருக்காரு” என்றேன்.

“எம்புட்டுப் பெருசு?”

“பெரிய மாப்ளதான்.”

“அசையுறாரா?”

“நல்லா அசையுறாரு.”

“மாப்ளைக்கு இன்னைக்கு மாமியா வீட்டு விருந்துதேன்” என்றான் மருது. எல்லோரும் சிரித்தார்கள். விருமாண்டி அவனை அதட்டினார். “வாயப் பொத்துடா. கலைஞ்சிரப் போறாரு.” துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டுப் பரிசலுக்குள் குனிந்துகொண்டார்கள். அப்படித்தான் வழக்கம். சுருளியும் படகுக்குள் குனிந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அணை முழுக்க ஒரு சத்தமில்லை. ஊசி காகிதத்தைச் சுடும் சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

ஆட்டம் நின்றது. பிறகு கறை வெளுத்துக்கொண்டே வந்தது. காற்று போய்த் தண்ணீர் நிரம்பினால் அப்படித்தான் ஆகும் என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. கறை தரையின் கறுப்போடு சேர்ந்த பிறகு, “சுருளி வலையை எடுக்க எறங்குனாரு, இன்னும் மேல வரல” என்று கத்தினேன். அதுவும் உண்மைதான். மருது உடனே குதித்தான். தூக்கிக்கொண்டு வந்தான்.

உங்கள் ஆட்கள் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். பெட்டியைப் பற்றி யாரும் என்னிடம் கேட்கவில்லை. முந்தாநாள் பாண்டியம்மாள் கேட்டாள்.

“அண்ணே, பொட்டியில அவரு தெரியலையா?”

நான் பொய் சொல்கிறவன் அல்ல. தெரிந்தார் என்றேன். அவள்தான் என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னாள். சோறு வைக்கவில்லை.

ஏன் என்று கேட்டீர்கள். மாப்ள கீழ இருக்காரு என்று நான் சொன்னபோது கரையில் இருந்த அவளுக்கும் கேட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது. அவளுடைய சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன் என்று போட்டுக்கொள்ளுங்கள்.