நீருக்குள் ஆள் இல்லை

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் அலுவலக இயந்திரம் தருவது நிறம் மாறிய வெந்நீர். யோரிட் அதையே நாளெல்லாம் ரசித்துக் குடிப்பான். அவனுக்கு வித்தியாசம் தெரியாது, எதிலுமே தெரியாது.

குரோனிங்கன் நகருக்குப் பக்கத்துக் கால்வாயில், நீர்மட்டத்தைக் கூட்டிக் குறைத்துக் கப்பல்களை ஏற்றி இறக்கும் மதகுக்கு மென்பொருள் எழுதியவர்கள் நாங்கள் இருவர். இரண்டு நிரல்களும் ஜாவா மொழியில். சர்வரில் ஓடும் சர்வ்லெட் என்னுடையது. மதகை இயக்கும் வில்லெமைனின் திரையில், பிரவுசருக்குள் ஓடும் ஆப்லெட் அவனுடையது. மதகின் நிலையை என் பக்கம் ஒரே பொருளாகக் கட்டி, பைட்டுகளாக்கி அனுப்பும். அவன் பக்கம் பிரித்துக் காட்டும். அந்தப் பொருளில் எந்த விவரம் எந்தப் பெயரில் என்ற வரையறை இருபுறமும் ஒன்றாக இருக்க வேண்டும். சற்று மாறினாலும் ஜாவா ஏற்க மறுத்துவிடும். நேர்மையான மறுப்பு. எனக்குப் பிடிக்கும்.

யோரிட்டுக்குப் பிடிக்கவில்லை.

"என்னப்பா ஆல்டெர்ட், உன் பக்கம் நீ தும்மினாலே என் திரை வெளுத்துப் போகுது. இந்த எரர் வராம பண்ண வழியே இல்லையா?"

"இருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே பதிப்பு எண்ணை எழுதி வெச்சிடு. அப்புறம் ஜாவா வாயே திறக்காது."

"அவ்ளோதானா? இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல."

என் தோளில் தட்டினான். அவன் ரொட்டியிலிருந்த சாக்லேட் துகள்கள் என் சட்டையில் ஒட்டின. அடுத்த கூட்டத்தில் அதைத் தன் கண்டுபிடிப்பு என்றான். அவனையே எனக்கு மேலே தலைவனாக்கினார்கள்.

ஜாவா வாய் திறக்காதபோது என்ன செய்யும் என்று அவன் கேட்கவில்லை. பெயர் பொருந்தாமல் வந்து சேராத விவரத்தின் இடத்தில் சத்தமில்லாமல் 'இல்லை' என்று நிரப்பிக்கொள்ளும். எந்தப் பாடநூலிலும் இருக்கிறது.

இரண்டாயிரத்து ஒன்றின் வசந்தத்தில் புது விவரம் ஒன்றைச் சேர்த்தோம்: நீருக்குள் ஆள். ஹார்மென் என்ற முக்குளிப்பவர், மதகின் அடித் துளைகளில் சிக்கும் பாசியையும் பழைய சைக்கிள்களையும் எடுப்பவர். முன்பெல்லாம் யாரும் திறக்க முடியாதபடி மதகின் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் இறங்குவார். இனி கரையிலுள்ள சுவிட்சைத் திருப்பினால் போதும், வில்லெமைனின் திரை சிவந்துவிடும், சாவி எதற்கு என்றான் யோரிட். சோதனை நாளில் திரை அழகாகச் சிவந்தது. எல்லோரும் ஆப்பிள் கேக் சாப்பிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு, என் பக்கம் அந்த விவரத்தின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றினேன். பதிப்பு எண் அதேதான். ஆகவே ஜாவா எதுவும் சொல்லவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை என் திரையில் 'ஆள்: உண்டு' என்று வந்தது. எதிர் மேசையில் யோரிட் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். அவன் முன்னாலும் ஒரு திரை இருந்தது. சர்வரின் பதிவை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். தொலைபேசி அடித்தது. வில்லெமைனின் குரலை ஒலிபெருக்கியில் போட்டான்.

"யோரிட், மணல் படகு காத்துக்கிட்டிருக்கு. திரை பச்சையாத்தான் இருக்கு. ஆனா ஹார்மெனோட வண்டி இன்னும் வெளியவே நிக்குதே."

"ஆள் இருக்கார்னு சொல்லுதா?"

"இல்லைன்னுதான் சொல்லுது."

"அப்புறம் என்ன வில்லெமைன், எங்கயாவது சூப் குடிக்கப் போயிருப்பாரு. உங்க கண்ணை விட்டுட்டுத் திரையை நம்புங்க."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். சர்வர் என்னுடையதல்லவா, அதனால் கேட்டான்.

"சரிதானே?"

நான் ஆமென்று தலையசைத்தேன்.

வில்லெமைன் மதகைத் திறந்தார். அவ்வளவு பெரிய துளை வழியே நீர் பாயும்போது அருகிலிருப்பதை இழுத்துக்கொள்ளும். ஹார்மெனின் உடலை வெளியே எடுக்கவே மாலையாகிவிட்டது. அதற்குள் அந்த எழுத்தைத் திருத்திவிட்டேன். இப்போது பார்த்தால் சரியாகவே இருக்கும்.

நேற்று விசாரணையில் யோரிட் உங்களிடம் அழுதுகொண்டே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். பழைய ஆப்லெட் பிரவுசரிலேயே தங்கிவிட்டதாம், அதைக் கவனிக்காதது தன் தவறாம். புது விவரம் சேராத பழைய ஆப்லெட்டாக இருந்தால் ஆள் இல்லை என்று சொல்ல அதில் இடமே இருந்திருக்காது. ஒப்புக்கொள்ளக்கூட அவனுக்குச் சரியாக வரவில்லை. அவன் சிறைக்குப் போவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இப்படி ஓர் அபத்தமான விளக்கம் என் சர்வரைப் பற்றிய கோப்பில் நிற்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் வந்தேன்.

அந்த எழுத்தை மாற்றியது நான். தெரிந்தே மாற்றினேன், தெரிந்தே தலையசைத்தேன். தயவுசெய்து அதை மட்டும் பிழை என்று எழுதிவிடாதீர்கள். என் நிரலில் பிழை இருந்ததில்லை.