இஸ்திரி போட்ட மாஸ்க்

— என்னடா சொன்ன? திரும்பச் சொல்லு, ராதிம். இஸ்திரி போட்டியா?

— ஆமா ஸ்டெங்காக்கா. நம்ம பாப்பா அனேஷ்காவோட ஆஸ்துமாவுக்குன்னு நீ அனுப்பினியே, அந்த மாஸ்க்கைத்தான். மூக்குக்கிட்ட ஒரே கரி. கொதிக்கிற தண்ணியில போட்டு, சோப்பு வச்சுத் தேய்ச்சு, முழுச் சூட்டுல இஸ்திரி இழுத்துட்டேன். கொரோனா வந்தப்ப அம்மா தச்ச மாஸ்க்கையெல்லாம் இப்படித்தானே பண்ணினோம். நம்ம வீட்டுல கைக்குட்டைக்கே இஸ்திரி போடுவோம், இதுக்கு என்ன வந்தது?

— அது துணிடா. இது வேற. இங்க லிபெரெட்ஸ்ல நாள் பூரா மெஷின் முன்னாடி நின்னு நான் நூற்கிற இழை, ஒரு முடியை ஐநூறா வகுந்தா எப்படியோ அப்படி. அதைப் படலமாக்கி நடுவுல வச்சிருக்கு. புகைத்தூளைத் தடுக்கிறது அதுதான். மேலயும் கீழயும் இருக்கிற துணி சும்மா தாங்கிப் பிடிக்கத்தான்.

— சரி சரி, பாடம் எடுக்காத. கிழிஞ்சா போச்சு? பாரு, முன்னைவிட நல்லாவே ஆயிடுச்சு.

— நல்லா ஆச்சுன்னா?

— முன்ன போட்டா, மூஞ்சியில தலையணை வச்ச மாதிரி இருக்குன்னு சிணுங்குவா. இப்ப, போட்டதே தெரியலப்பான்னு குதிக்கிறா. நானே போட்டுக்கிட்டு மெழுகுவத்தியை ஊதிப் பாத்தேன். ஒரே ஊதல்ல அணைஞ்சிடுச்சு. உங்க ஃபேக்டரியில சொல்லு, ஒஸ்ட்ராவாவுல என் தம்பி சரிபண்ணிட்டான்னு.

— ராதிம், கொஞ்சம் வாயை மூடிட்டுக் கேளு. அணையக் கூடாதுடா. உள்ள இருந்த படலம் உருகிப் பொத்தலாயிடுச்சு. அதனாலதான் மூச்சு லேசா வருது. இப்ப அது வெறும் துணி.

— அப்ப, புகை உள்ள போகுமா?

— அப்படியே போகும். அவ எங்க? கூப்பிடு.

— வீட்டுல இல்லக்கா.

— உங்க ஊர்ல இன்னைக்குப் பிள்ளைங்களை வெளிய விடாதீங்கன்னு காலையில இருந்து ரேடியோவுல சொல்றாங்களே.

— தெரியும். எதிர் வீடே தெரியல, நிலக்கரி சுடுற கோக் ஆலைப் புகை தெருவுல வந்து உக்காந்திருக்கு. மாஸ்க் இருக்கேன்னுதான்... மத்தப் பிள்ளைங்க பனி மூடின கரிமேட்டுல சறுக்குறதை எத்தனை குளிர்காலமா ஜன்னல்ல நின்னே பாத்துட்டு இருந்தாக்கா. மனசு கேக்கல. நான்தான் சறுக்குவண்டியைத் தூக்கிக் கொடுத்துப் போடின்னு அனுப்பினேன்.

— ஃபோன் பண்ணு.

— இரு, இன்னொரு ஃபோன்ல அடிக்கிறேன்... மணி போகுது. எடுக்கல.

— நீ கிளம்பு. லைனைக் கட் பண்ணாத. கோட்டை மாட்டு.

— மாட்டிட்டேன். படியில இறங்குறேன். போன மார்ச்சுல வந்த மாதிரி இழுப்பு வந்துட்டா? உதடெல்லாம் நீலம் பாஞ்சு போச்சே அன்னைக்கு.

— வந்தா அவ பாத்துக்குவா. விவரமான பொண்ணு. இன்ஹேலர்தான் எப்பவும் கழுத்துல தொங்குதே, ரெண்டு தடவை அடிச்சுக்குவா. நீ பதறி எங்கயாவது விழுந்து வைக்காத... ராதிம்? காலடிச் சத்தம் கேக்கலையே, ஏன் நின்னுட்ட?

— கார் சாவிக்குக் கோட்டுப் பையில கை விட்டேன்.

— விட்டு?

— இன்ஹேலர் இங்க இருக்குக்கா. இனிமே இந்தச் சனியன் உனக்கு எதுக்குடின்னு, நான்தான் அவ கழுத்துல இருந்து கழட்டி வாங்கினேன்.