வழுவழுப்பான நாக்கு

மேசையின் இந்தக் கால் ஆடுகிறதே, ஓர் அட்டையை மடித்து வைத்தால் நின்றுவிடுமே என்றுதான் நீங்கள் விசாரணையில் முதல் கேள்வி கேட்டபோது நினைத்துக்கொண்டிருந்தேன். தவறாக எண்ண வேண்டாம். என்னால் சும்மா உட்கார முடியாது.

மீன்துறையில் என் வேலை இதுதான். தூண்டில் போடுகிறவர்கள் சந்தேகமான மீன் கிடைத்தால் மறுபடி தண்ணீரில் விடாமல் ஐஸில் வைத்துக் கொண்டுவருவார்கள். அது அயல் மீனா என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டும். அயல் மீன் நுழைந்த ஏரியில் வேறெதுவும் மிஞ்சாது. பார்வைக்கு நம் மீனும் அதுவும் ஒன்றுதான். வாய்க்குள் விரலை விட்டால் தெரியும். அயல் மீனுக்கு நாக்கில் பல் உண்டு. நம் மீனுக்கு வழுவழுப்பு.

பதினெட்டு வருடம் விரலை விட்டுப் பார்த்தேன். எல்லாமே வழுவழுப்பு. "இல்லை" என்று எழுதி எழுதிக் கை அலுத்தது. வீட்டில் அக்கா கேட்பாள்: "என்னடி, உன் மீன் வந்துச்சா? மாப்பிள்ளைதான் வரலை, மீனாவது வரட்டும்." நானும் சிரிப்பேன். பிறகு துவைத்த துணியையே எடுத்து மறுபடி துவைப்பேன்.

போன வருடம் அந்தப் பஸ் டிரைவர் வந்தார்.

"மேடம், நீங்க ஒட்டின போஸ்டர்ல இருக்கற மாதிரியே இருக்கு. சாப்பாட்டுப் பையிலதான் கொண்டாந்தேன். வீட்டுக்காரி பார்த்தா என்னையும் சேர்த்து ஐஸ்ல வெச்சிடுவா."

விரலை விட்டேன். வழுவழுப்பு. அவர் மூச்சுவிடாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

"ஆமாம்" என்றேன்.

அவர் போனதும் அந்த மீனை எரித்தேன். அதற்குப் பதில், பயிற்சிக்காக ஜாடியில் இருந்த அயல் மீனை மேலிடத்துக்கு அனுப்பினேன். காலி ஜாடியைப் பார்த்துத்தானே என்னை அழைத்தீர்கள்.

அயல் மீனைக் கொல்ல ஏரியில் மருந்து ஊற்றினார்கள். மூன்றாம் நாள் காலை தண்ணீரே தெரியவில்லை, அத்தனையும் வெள்ளை வயிறுகள். கரையோரமாக முழுச் சுற்று நடந்தேன். அன்று மதியம் நன்றாகத் தூங்கினேன்.

அயல் மீனை ஏரியில் விட்டதே டிரைவர்தான் என்று ஊரில் பேச்சானது. அவர் வேலை போனது. ஜன்னலில் கல் விழுந்தது. என்னிடம் வந்தார்.

"நீங்களாவது சொல்லுங்க மேடம். நான் பிடிச்சேன், அவ்ளோதான். விடலை."

"விசாரணையில் தெரிந்துவிடும்" என்றேன். அது பொய்யில்லை. இதோ, தெரிந்துவிட்டதே. மூன்று வாரம் கழித்து அவரையும் அந்த ஏரியிலிருந்துதான் எடுத்தார்கள். கையில் தூண்டில் இல்லை.

நீங்கள் நல்லவர். "இவ்ளோ வருஷ சர்வீஸ்ம்மா. ஜாடி மாறிடுச்சு, மீனைத் தப்பா பார்த்துட்டேன்னு ஒரு கையெழுத்துப் போடுங்க. ஜெயிலுக்குப் போக வேணாம்" என்கிறீர்கள்.

பேனாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவர் செத்தது என்னால்தான் என்றுகூட எழுதுங்கள், மறுக்க மாட்டேன். இதில் மட்டும் கையெழுத்துப் போட முடியாது. பதினெட்டு வருடத்தில் ஒரு மீனைக்கூட நான் தப்பாகப் பார்த்ததில்லை.