நெஞ்சுயரத்தில் ஐந்து குழி

— ஊத்தாதேங்கோ பஸ்ரியன் அண்ணை! வாளியைக் கீழ வையுங்கோ.

— கலந்தாச்சு லூசியா தங்கச்சி. றெசினும் இறுக்கிற மருந்தும் சேர்ந்தா அரை மணித்தியாலம்தான், விளங்குதோ? பிந்தினா வாளிக்குள்ளயே கொதிச்சு இறுகிப்போடும்.

— இறுகட்டும். நான் கேட்டது நீலம். எங்கட அரிப்பு ஊர்க் கடல் மாதிரி அடி தெரியவேணும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்! நீங்கள் தார் மாதிரிக் கறுப்பெல்லோ கலந்து வைச்சிருக்கிறீங்கள்?

— வீட்டுக் கந்தோர் மேசைக்குக் கறுப்புத்தான் எடுப்பு. நாள் முழுக்கக் கொம்பியூட்டரில வழக்குப் பேப்பர் மொழிபெயர்க்கிறனீங்கள். நீலம் கண்ணைக் குத்தும், விளங்குதோ?

— பலகையில இந்தக் குழியள் என்ன? போன கிழமை, றெசின் ஊத்தவேண்டிய நடு வெடிப்பு மட்டும்தான் இருந்தது. இப்ப அஞ்சு குழி. உளியால தோண்டியிருக்கு.

— பூச்சி அரிச்ச இடம். சுரண்டி எடுத்தனான்.

— எங்கட வளவு வேம்பிலயோ பூச்சி? வேம்பைப் பூச்சி தொடாதெண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சிரட்டைக்குள்ள என்ன கிடக்கு?

— ஆணி, குப்பை... அதை விடுங்கோ.

— கையை எடுங்கோ! ...ஆணியோ இது? துவக்கால சுட்ட சன்னம். ஒண்டு, ரெண்டு... அஞ்சும் இருக்கு.

— மாதாவே! சண்டை நடந்த எங்கட பக்கத்து மரமெண்டா உதெல்லாம் கிடக்கும்தானே. காந்தம் பிடிச்சுப் பாத்துத்தான் நாங்கள் வாளையே வைக்கிறது.

— காந்தமோ? மரம் அரியிற மரக்காலையில என்ர கண்ணுக்கு முன்னால காந்தம் பிடிச்சுப் பாத்தவங்கள். ஒண்டும் ஒட்டேல்லை. இது ஈயமும் செம்பும். காந்தத்துக்குப் பிடிபடாது. முப்பத்தாறு வருசமா மரம் வளர்ந்து மூடிப்போட்டுது. மேலால ஒரு தழும்பும் இல்லை. இதில தோண்டுங்கோ எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?

— கை சொல்லும் தங்கச்சி. நாப்பது வருசத் தச்சுக் கை.

— அடிமரத்தில இருந்து நாலரை அடி. ஒரு பெடியனை மரத்தோட சாத்தி நிப்பாட்டினா நெஞ்சு வாற உயரம். அதையும் கைதான் சொன்னதோ?

— குடையாத பிள்ளை. வாளி சூடேறுது. ஊத்த விடு.

— ஆமி ஊரைச் சுத்திவளைச்சு என்ர அண்ணன் செத்த அண்டைக்கு நீங்கள் அரிப்பில நிண்டனீங்களோ?

— ...ஓம். நிண்டனான். கவிட்டு வைச்ச வள்ளத்துக்கு அடியில ஒளிச்சுக் கிடந்தனான். எல்லாம் பாத்தனான். போதுமோ?

— போதாது. அம்மா சாகுமட்டும் ஒரு சாட்சியைத் தேடினவ. ஒவ்வொரு ஆவணியும் மடுமாதா கோயிலுக்குப் போய் அதைத்தான் கேட்டு அழுதவ. அண்ணன் இயக்கத்தில நிண்டு சண்டையில செத்தவனெண்டுதான் ஆமி இண்டைக்கும் எழுதி வைச்சிருக்கு. என்ன நடந்ததெண்டு சொல்லுங்கோ.

— ட்ரக்கில, காட்டிக்குடுக்கிற ஒருத்தனைக் கொண்டந்தவங்கள். தலையில சாக்கு. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. பெடியளை ஒவ்வொருத்தனா அவனுக்கு முன்னால நிப்பாட்டினாங்கள். அவன் தலையாட்டினவனையெல்லாம் வேம்படிக்கு இழுத்துக்கொண்டு போனாங்கள். துவக்குப் பிடியால வாயில அடி. பல்லுக் கொட்டுண்டு மணலெல்லாம் ரத்தம். முதல் மூண்டு பேரும் கத்தினாங்கள். நாலாவது பெடியன் தாயைக் கூப்பிட்டான். உன்ர அண்ணன்தான் கடைசி.

— அவனும் கத்தினவனோ?

— இல்லை. சாக்கைப் பாத்து, ‘மச்சான், நீயோ?’ எண்டு கேட்டான். மெல்லமா. அவனை விட்டிருப்பாங்கள் பிள்ளை. அவனுக்கு ஒரு இயக்கமும் தெரியாது, ஒண்டும் தெரியாது. அந்த ஒரு கேள்விக்குத்தான் சாக்கு தலையாட்டினது, அதாலதான் செத்தான்.

— மெல்லமாக் கேட்டது, வள்ளத்துக்கு அடியில கிடந்த உங்களுக்குக் கேட்டதோ?

— காத்து என்ர பக்கம் அடிச்சது! என்னடி விசாரணை? இந்தச் சுத்தியலாலயே உன்ர மேசையை நொருக்கிப்போடுவன்! உன்ர மண்டையையும் சேத்து நொருக்குவன்!

— அடியுங்கோ. அருட்பிரகாசத்தின்ர தங்கச்சியையும் அதே மரத்தில வைச்சு அடியுங்கோ!

— தள்ளி நில்லடி!

— ...பலகை பிளந்துபோச்சு. ஒரு சாண் இங்கால விழுந்திருந்தா என்ர கை போயிருக்கும். இன்னொருக்கா ஓங்குங்கோ பாப்பம்.

— மாதாவே, மாதாவே... உன்ர முழங்கை வைக்கிற இடத்தில அதுகள் கிடக்கக்கூடாதெண்டுதானே தோண்டினனான். கடலில எறியத்தான் எடுத்தனான். எறியக் கை வரேல்லை.

— சுத்தியலைக் கீழ வையுங்கோ. வாளி புகைக்குது.

— இறுகிப்போச்சு. இனி உதவாது.

— நாளைக்குப் புதுசாக் கலந்து வையுங்கோ. கறுப்பில்லாமல். இந்தப் பிளவையும் அப்பிடியே விடுங்கோ. அஞ்சு சன்னத்தையும் அந்தந்தக் குழிக்குள்ள வைச்சு, மேலால ஊத்துங்கோ. எனக்கு ஒவ்வொரு நாளும் தெரியவேணும்.

— என்னால ஏலாது பிள்ளை.

— ஏலும். ஊர் பேர் தெரியாத சனத்தின்ர சாட்சியமெல்லாம் மொழிபெயர்க்கிறன். என்ர அண்ணனுக்கு ஒரு வரி இல்லை. அந்த மேசையில முதல் முதல் எழுதப்போறது உங்கட சாட்சியம். ‘அருட்பிரகாசத்துக்கு ஒண்டும் தெரியாது’ எண்டு எல்லாருக்கும் முன்னால சொல்லுவீங்களோ?

— ...

— வாயைத் திறந்து சொல்லுங்கோ அண்ணை, தலையாட்டாதேங்கோ. அண்டைக்கு அந்தச் சாக்குக்குள்ள இருந்தும் நீங்கள் தலையைத்தான் ஆட்டினீங்கள்.