மண்ணெடுத்த மறுநாள்

ஹலோ... கெர்வினா? ருக்மின் பேசறேன்... ஆமா ஆமா, பெனால் ஊரு ருக்மின்தான். நீ எடுத்த படம் பாத்துட்டு இப்பத்தான் வந்தோம்... அம்மாவும்தான். புது ஷால் போத்திக்கிட்டு முன் வரிசையில உக்காந்தாங்க. வந்ததும் நேரா அடுப்படிக்குப் போயிட்டாங்க... இரு. பாராட்டக் கூப்பிட்டேன்னு நெனச்சியா?

படத்துல வர்ற அந்த மேளக்காரப் பையன் நீதானே? அந்த இந்தியக்காரி எங்க அம்மாதானே? அதே பச்சை வீடு, வாசல்ல மூங்கில்ல கட்டின அதே பூசைக் கொடி...

வெறும் கதைதான்னு சொல்றியா? அக்கா கல்யாணத்துக்கு மண்ணெடுக்கப் போன அன்னைக்கு என்ன நடந்துச்சு? பொம்பளைங்க மட்டும் போற சடங்கு, மேளக்காரன் ஒருத்தன்தான் ஆம்பளை. நீ நெருப்புல மேளத்தைக் காய்ச்சிக்கிட்டு நின்னே. 'கறுப்பன் மேளத்துக்கு நாங்க வரமாட்டோம், இந்தியப் பையன்தான் அடிக்கணும்'னது யாரு?... ஆமா, சுமிந்த்ரா அத்தை. 'அவன் அடிச்சாத்தான் நான் மண்வெட்டியத் தொடுவேன்'னது யாரு?... சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?... ம், அம்மா.

அப்புறம் படத்துல அம்மா எதுக்குடா உன்னை வெரட்டுறாங்க? தியேட்டர்ல பாதிப் பேரு கை தட்டுறான், பாதிப் பேரு இந்தியக்காரங்க எல்லாரையுமே திட்டுறான். அவங்க கையால ரொட்டியும் பூசணிக்காயும் தின்னு வளந்தவன் நீ. உண்ட வீட்டுக்கு ரெண்டகம்...

என்ன... அன்னைக்கு இல்லையா? மறுநாளா?... குழாயடியிலயா... மெதுவா சொல்லு... 'ருக்மின் பெரிய மனுஷி ஆயிட்டா, இனிமே கேட்டைத் தாண்டாதே'ன்னாங்களா அம்மா?... பொய்... கறுப்பன்னே சொன்னாங்களா?

இரு, வைக்காதே... மா. கெர்வின் என்னமோ சொல்றான், நீ சொன்னியா?... அடுப்பை அப்புறம் பாக்கலாம், இங்க பாரு... ஏன்மா அழற?

...

ஹலோ... இருக்கேன். நீயா வராமப் போயிட்டேன்னு இத்தனை வருஷம் உன் பேரைக்கூட எடுக்கல நான். ஏன்டா என்கிட்ட சொல்லல?... அம்மாவை வெறுத்துடுவேன்னா? ரொம்ப நல்லவன். என்கிட்ட மறைச்சிட்டு ஊருக்கே படம் போட்டுக் காட்டினியா? உனக்குத் தெரியும், அவங்களுக்குத் தெரியும். என்னை வச்சுப் பேசின பேச்சுடா அது. நான் டிக்கெட் வாங்கித் தெரிஞ்சுக்கணுமா?

இல்ல, இப்ப வராதே... கேட்டைத் தாண்டாதேன்னு நான் சொல்லல கெர்வின், இப்ப வராதேன்னேன்... வைக்கிறேன்.