விமலாதேவி ஒக்லண்டுக்கு வந்தால்

உங்களுக்கும் கேட்டுதே குணரத்தினம் அண்ணை? வெளிச்சுவரிலை ஏதோ கிறீச்செண்டு கீறிக்கொண்டு போகுது. பொசமோ? இரவிலை கூரையிலை ஓடுற அந்தப் பூனையளவு மிருகம் சுவரிலை நீட்டுக்குக் கோடு இழுக்குமே? சரி, பொசம் எண்டே வைப்பம்.

இல்லை, கதவுச் சங்கிலியைக் கழட்டமாட்டன். மகள் ஜெசிக்கா இப்பத்தான் நித்திரையானவள். சங்கப் பத்திரிகை ஆசிரியர், இருட்டினாப் பிறகு மனுரேவாவிலை இருந்து பாபடோயிட்டோய்க்குக் கதை திருத்தவே வந்தனியள்? வாசல்லை நிண்டே திருத்துங்கோ.

போட்டி வைச்சது நீங்கள். ஊர் ரேடியோவிலை கேட்ட விமலாதேவி நாடகம் ஒக்லண்டிலை நடந்திருந்தால் எப்பிடியிருக்கும், எழுதுங்கோ எண்டியள். பிள்ளையைப் படுக்கவைச்சிட்டு இரவிரவா எழுதினன். சிவப்புப் பேனையாலை கொத்திப்போட்டு வந்து நிக்கிறியள்.

ஆனி மாசம் வேர்க்குது எண்டு எழுதினது பிழைதான். இங்கை ஆனி குளிர்காலம், இடத்தை மாத்தினால் வெயிலையும் மாத்தவேணும். தெருமுனை டெயறிக் கடையிலை வெத்திலை வாங்கினதும் பிழை. ஆனா ஆளை மாத்தக்கூடாது எண்டு எழுதியிருக்கிறியளே! விமலாதேவி பொறுமைக்காறியாம், எவ்வளவு அடிச்சாலும் புருசனுக்குக் கதவு திறப்பாளாம். அண்ணை, நாடகத்திலை அவளின்ரை கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லை. நான் ஒண்டே ஒண்டுதான் மாத்தினன், ஒரு தாழ்ப்பாள் குடுத்தன். மிச்சமெல்லாம் அவளே செய்தது.

சொந்தச் சீவியத்தைக் கதைக்குள்ளை திணிச்சிட்டன் எண்டு வேறை. எதை? கோவம் வந்தால் புருசன் வீட்டுத் திறப்புக்கோர்வையாலை சுவரைக் கீறிக்கொண்டு வாறதையோ? நாடகத்திலை இல்லாததாம். இல்லைத்தான். அது பெனடிக்ற் செய்யிறது. என்னைக் கட்டினவர். உங்களுக்குத் தெரியாதே என்ன?

ஏன் பின்னாலை திரும்பித் திரும்பிப் பாக்கிறியள்? பொசம்தானே.

கொன்வென்ற் படிச்ச திமிர் எண்டுறியளோ? ஓம். சிஸ்டர் எங்களைப் பேனையாலைதான் எழுத விடுவா, அழிக்க ஏலாது. எண்டாலும் நீங்கள் பெரியாக்கள் சொல்லுறியள், முடிவை மாத்துவம். பேனையைத் தாங்கோ. கடைசிப் பக்கம்தானே?

இந்தாங்கோ, பிடியுங்கோ. இருட்டிலை தெரியாது, அந்த லைற்றடிக்குப் போய் வாசியுங்கோ. அதுக்கு முதல் கதவிடுக்கிலை வைச்சிருக்கிற காலை எடுங்கோவன். ஓம், அப்பிடித்தான். இன்னும் கொஞ்சம் தள்ளி.

முடிவு மாறேல்லையோ? அடியிலை பாருங்கோ. வட்டம் போட்டிருக்கிறன். போட்டி விதிப்படி எழுதின பேரும் விலாசமும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த வீட்டுக்கு ஓடிவந்து பதினொரு நாள் அண்ணை. எங்கை இருக்கிறன் எண்டு கோயில் ஃபாதருக்கும் சொல்லேல்லை. அந்தக் கடுதாசியிலை உங்களுக்கு மட்டும்தான் எழுதினனான்.

அவரை உங்கட காரிலை பின் சீற்றிலையோ, முன் சீற்றிலையோ கூட்டிக்கொண்டு வந்தனியள்? எங்கை இருந்தாலென்ன. கீறினது காணுமாம் எண்டு சொல்லுங்கோ. நான் பொலிசுக்குப் போன் அடிக்கப்போறன்.

தள்ளாதேங்கோ. கதவு சாத்தியாச்சு. தாழ்ப்பாளும் போட்டாச்சு.